கால் கிலோ, தோல் உரித்தது

ஜூன் 3, செவ்வாய்

இந்திராணி மதுரைக்குப் போய் இன்றோடு பத்து நாள். மகள் சுகன்யா வந்து கூட்டிக்கொண்டு போனாள். மார்ச்சில் குடலில் ஆபரேஷன் நடந்த உடம்பு, ஓய்வு வேண்டும் என்கிறார்கள். ஓய்வு என்றால் மகள் வீடுதான் வசதி. ஒரு மாதத்தில் திண்டுக்கல் திரும்பிவிடுவாள்.

பத்து நாளாக எனக்கு ஓட்டல் சாப்பாடு. மற்றவர்களுக்கு ஓட்டல் என்றால் முன்பக்கம். முப்பத்தொரு வருடம் சுகாதார ஆய்வாளராக இருந்த நான் பார்த்ததெல்லாம் பின்பக்கம். இன்று சாம்பாரில் ஒரு முடி, நரைத்த முடி. பரிமாறுகிறவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல் இரண்டு விரலால் எடுத்துப் போட்டுவிட்டு, அதே விரலோடு அதே வாளியிலிருந்து இன்னொரு கரண்டி ஊற்றினான். இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நாளையிலிருந்து வீட்டிலேயே சமைக்கப் போகிறேன். வேலையில் இருந்தபோது ஆய்வுக் குறிப்பேடு எழுதும் பழக்கம் உண்டு. அதேபோல் இதையும் எழுதி வைக்கலாம் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

ஜூன் 4, புதன்

தெருக்கோடியில் மரியபுஷ்பத்தின் கறிக்கடை. வடிகாலில் இறகு அடைத்துக் கிடந்ததற்காக அவளுக்கு இரண்டு முறை நோட்டீஸ் கொடுத்திருக்கிறேன். அவள் மறக்கவில்லை. "வாங்க சபாபதி சார். நோட்டீசா, கறியா?" என்றாள்.

கால் கிலோ, தோல் உரித்தது என்றேன். கால் கிலோவா என்று திரும்பக் கேட்டாள். ஒரு ஆள்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கத்தியை இடுப்பு ஏப்ரனில் துடைத்தாள். அந்த ஏப்ரனைப் பற்றி எழுத ஒரு பக்கம் போதாது.

வீட்டுக்கு வந்து பையைத் தொட்டால் சூடாக இருந்தது. கறி சூடாக இருக்கும் என்பது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருடத்தில் எத்தனையோ கடைகளில் கறியைக் கம்பால் சுட்டிக்காட்டியிருக்கிறேனே தவிர, தொட்டதில்லை. கழுவப்போனால் கைக்குள் நிற்காமல் வழுக்குகிறது. முதுகெலும்பின் உட்புறம் கருஞ்சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினேன். நகக்கண்ணில் ஏறிக்கொண்டது. தொடையில் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்பு. மஞ்சள்தூள் போட்டு நான்கு தண்ணீரில் கழுவியும் கவுச்சி போகவில்லை.

இந்திராணியின் பெரிய வாணலியில் போட்டேன். கால் கிலோ கறி அதில் ஒரு மூலையில் கிடந்தது. மசாலா தீய்ந்து, கறி உள்ளே வேகாமல், கடித்தால் ரப்பர். எலும்பருகே சிவப்பைப் பார்த்ததும் வாயிலிருந்ததைத் துப்பிவிட்டேன்.

கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது. எழுதும்போதும் நாறுகிறது.

ஜூன் 8, ஞாயிறு

ஒற்றை ஆளுக்கு ஆக்குவதுதான் கஷ்டம் என்று மரியபுஷ்பம் சொல்கிறாள். கறி குறைந்தால் சாறு இறங்காதாம். அதனால் கழுத்தும் முதுகெலும்பும் இரண்டு துண்டு சேர்த்துப் போட்டுக்கொடுத்தாள். பால் காய்ச்சுகிற சின்னச் சட்டி போதும், அடியில் தீ எரிகிறதா என்று தேடிப் பார்க்கிற அளவுக்கு வைத்தால் போதும் என்றாள்.

ஒரு வெங்காயம், ஒரு தக்காளி, ஒரு கரண்டி மசாலா. இந்த முறை வெந்துவிட்டது. சாப்பிடவும் முடிந்தது. ஆனால் பச்சைக்கறியைப் பிசைந்த கையாலேயே சோற்றைப் பிசைய வேண்டியிருக்கிறதே, அதுதான் உள்ளே இறங்க மறுக்கிறது.

இந்திராணி கறி சமைத்த நாட்களில் இந்தத் தொல்லை எனக்கு இருந்ததில்லை. சமைத்து முடித்ததும் குளித்துவிடுவாள். எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்து, வேறு புடவை கட்டிக்கொண்டுதான் எனக்குப் பரிமாறுவாள். என் மூக்கு பிறவியிலேயே கூர்மையானது. கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னேன். அதற்கப்புறம் சொல்ல வேண்டி வந்ததில்லை.

ஜூன் 11, புதன்

சமைக்கவில்லை. தயிர்சோறு.

ஜூன் 15, ஞாயிறு

சுகன்யாவுக்குப் போன் செய்தேன். அம்மா தூங்குகிறாள் என்றாள். பகல் பதினொரு மணி. போன ஞாயிறும் அதே மணிக்கு அதே தூக்கம்.

ஆபரேஷனைப் பற்றி இதுவரை விவரமாக எழுதவில்லை. எழுதக் கை கூசுகிறது. குடலில் கட்டி. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, வயிற்றின் இடது பக்கம் ஒரு துளை வைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். மலம் அந்தப் பையில்தான் சேரும். நாளைக்கு நாலைந்து தடவை அதைக் காலி செய்ய வேண்டும். இனி ஆயுளுக்கும் இப்படித்தான்.

அந்த வாடையோடு நான் இரண்டு மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அது யாருக்கும் நினைவில்லை. ஜன்னல்களைத் திறந்து வைத்தேன், கூடத்தில் இரண்டு ஊதுபத்தி ஏற்றினேன். சுகாதாரம் தெரிந்தவன் எவனும் செய்கிற காரியம்தான். ஓட்டல் சாப்பாடு பத்து நாள் என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னால் ஏப்ரலிலிருந்து. அவள் சோப்புப் போட்டுத்தான் கை கழுவினாள், அது எனக்குத் தெரியும். மனசு ஒப்பவில்லை. அவ்வளவுதான்.

இன்று எலும்புச்சாறு வைத்தேன். மேலே கொழுப்பு வட்டம் வட்டமாக மிதந்தது. வடிகட்டிக் குடித்தேன்.

ஜூன் 18, புதன்

முதல் முறையாக நல்ல சமையல். மிளகுக் கோழி. கால் கிலோ கறி, பத்து சின்ன வெங்காயம், நாலு பல் பூண்டு, ஒன்றரைக் கரண்டி மிளகு, அரைக் கரண்டி சீரகம். தண்ணீர் ஊற்றவே கூடாது. மூடி வைத்தால் கறி தன் தண்ணீரைத் தானே விடும், அது வற்றும்போது கறிவேப்பிலை. எல்லாம் சேர்ந்து ஒரு சின்னக் கிண்ணம் அளவு வந்தது. வழித்துச் சாப்பிட்டேன்.

கறியைத் துண்டு போடும்போது இடது ஆள்காட்டி விரலில் கத்தி பட்டுவிட்டது. சின்னக் காயம்.

ஜூன் 21, சனி

விரல் வீங்கியிருக்கிறது. சர்க்கரை உடம்பு. மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

ஜூன் 23, திங்கள்

காலையில் கட்டை அவிழ்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். விரல் கருநீலமாக, நுனி பளபளப்பாக, ஓரத்தில் பச்சையும் மஞ்சளுமாகச் சீழ். அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? கடை வடிகாலில் மூன்று நாள் கிடந்த குடல் இப்படி நாறும். நோட்டீஸ் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்வேன். இது என் கையில் இருந்தது. எங்கே போனாலும் கூடவே வந்தது.

டவுன் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் இருந்த பெண் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் எழுந்து, நிற்கிற கூட்டத்துக்குள் போய் நின்றுகொண்டாள். சீட்டு காலியாகவே வந்தது. யாரும் உட்காரவில்லை. காயம்தான், சாக்கடை இல்லை என்று அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் ஈஸ்வரி என்ற நர்ஸ் விரலைக் கீறி, அமுக்கி, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்தாள். முப்பது வயதிருக்கும். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. உனக்கு நாறவில்லையா என்று கேட்டேன்.

"நாறத்தான் செய்யுது சார். மூஞ்சியில காட்டக் கூடாது. ஒரு தடவ காட்டிட்டோம்னா அடுத்த தடவ புண்ண மறைச்சு வச்சுக்குவாங்க. அப்புறம் முத்தித்தான் வருவாங்க" என்றாள்.

மேலே எழுத முடியவில்லை. விரல் வலிக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

மே மாதத்தில் இந்திராணி பையைக் காலி செய்யக் குளியலறைக்குப் போவதைக் குறைத்துவிட்டாள். நான் கூடத்தில் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனாள். நான் நாள் முழுக்கக் கூடத்தில்தான் இருப்பேன்.

ஜூன் 25, புதன்

சுகன்யாவே கூப்பிட்டாள். அப்படி அவள் கூப்பிடுவதில்லை. அம்மா நாற்பத்தொரு கிலோவுக்கு இறங்கிவிட்டாளாம். கட்டிக்கான மருந்து ஏற்ற உடம்பில் தெம்பு இல்லை என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். பருப்பு, பயறு எல்லாம் வாயுவாகிப் பை உப்பிவிடுகிறது. முட்டை எதிர்த்துக்கொண்டு வருகிறது. காரமில்லாமல் குழைய வேகவைத்த கோழி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பகலில் அம்மாவோடு இருக்கிற சமையல்கார அம்மாள் கறியைத் தொடமாட்டாள். சுகன்யா காலை எட்டரைக்கு பேங்குக்குக் கிளம்பினால் இருட்டித்தான் திரும்புகிறாள். மருமகனுக்குச் சென்னையில் வேலை. திண்டுக்கல்லில் உறவுக்காரர்கள் யாராவது செய்து கொடுப்பார்களா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

நான் செய்து கொண்டுவருகிறேன் என்றேன்.

"கொண்டாங்கப்பா. வாசல்ல குடுத்துட்டுப் போயிருங்க. அம்மா முன்னாடி போய் நிக்காதீங்க" என்றாள்.

அது என்ன பேச்சு என்று கேட்டேன். அப்புறம் அவள்தான் பேசினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மே இருபத்துமூன்று பற்றிப் பேசினாள். அந்த நாளை நான் எழுதியதில்லை. நான் ஓட்டலிலிருந்து வாங்கி வந்த பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரில் இந்திராணி. பை நிறைந்துபோய் விட்டுக்கொண்டது. புடவை, நாற்காலி, தரை. நான் எழுந்தேன். ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனேன். "சீ" என்று சொன்னேனாம். பூங்காவில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். தையல் போட்ட வயிற்றோடு அவள் குனிந்து தரையைத் துடைத்து, புடவையை அலசி, நான் பாதியில் விட்ட பொட்டலத்தையும் எடுத்துப் போட்டிருக்கிறாள். மறுநாள் சுகன்யா வந்து அழைத்துப் போனாள். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னது பொய் இல்லை. ஆனால் அதற்காகப் போகவில்லை.

குமட்டினால் மனிதன் எழுந்து போகாமல் என்ன செய்வான்?

இந்தக் கேள்வியை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 2, புதன்

விரலில் புண் காய்ந்துவிட்டது. ஆனாலும் இரண்டு கையிலும் உறை மாட்டிக்கொண்டேன். நோயாளிக்குச் சமைக்கிறபோது விதி விதிதான்.

மரியபுஷ்பத்திடம் விஷயத்தைச் சொன்னேன். தொடைக்கறி மட்டும், எலும்பு நீக்கி, விரல்நகம் அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்கித் தந்தாள். புதுக் கட்டையில், கத்தியைக் கழுவிவிட்டு நறுக்கினாள். எனக்கு அப்படி ஒரு நாளும் நறுக்கியதில்லை.

மிளகாய் இல்லை. இஞ்சி துளி, சீரகம் துளி, உப்பு. நாற்பது நிமிடம் வேகவைத்து, மத்தால் மசித்து, கைக்குத்தல் இல்லாத வெள்ளை அரிசிக் குழைசோற்றோடு சேர்த்தேன். பார்ப்பதற்குக் குழந்தை கக்கியதுபோல் இருந்தது. தூக்குவாளியில் போட்டுக்கொண்டு மதுரை பஸ்.

சுகன்யா வீட்டில் சமையல்கார அம்மாள் கதவைத் திறந்தாள். வாளியின் பிடியை மட்டும் தொட்டு வாங்கிக்கொண்டாள். உள்ளே டிவி சத்தம். இந்திராணி இருமுவது கேட்டது. வந்துவிட்டேன்.

ஜூலை 4, வெள்ளி

இன்றும் கொண்டுபோனேன். புதன்கிழமை கொடுத்த வாளியைத் திருப்பித் தந்தார்கள். திறந்து பார்த்தேன். கொடுத்தது அப்படியே இருந்தது. இரண்டு நாள் ஃபிரிட்ஜில் வைத்து எனக்கே திருப்பியிருக்கிறார்கள்.

பஸ் நிலையத்தில் கொட்டிவிட்டு வாளியைக் கழுவினேன்.

ஜூலை 6, ஞாயிறு

வெள்ளிக்கிழமை கொடுத்ததில் அரை வாளி தீர்ந்திருந்தது. நீ சாப்பிட்டாயா என்று சுகன்யாவிடம் கேட்டேன். இல்லை, அம்மாதான் என்றாள்.

ஜூலை 9, புதன்

இன்று கதவைத் திறந்தது இந்திராணி.

நைட்டிக்கு மேல் துண்டு. தோள் எலும்பு துண்டைத் தூக்கிக்கொண்டு தெரிந்தது. ஆறு வாரத்தில் பத்து வயது கூடியிருக்கிறது. வாளியை நீட்டினேன். வாங்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வரலாமா என்று கேட்டேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். ஆபரேஷன் ஆன வீட்டில் யாராக இருந்தாலும் சில சங்கடங்கள் இருக்கத்தான் செய்யும் என்றும் சொன்னேன். பஸ்ஸில் வரும்போது யோசித்து வைத்திருந்த பேச்சு அது.

முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நாத்தம் எனக்குத் தெரியாதா? என் வயித்துலதான இருக்கு. அது பழகிப்போச்சுங்க. உங்க மொகம்தான் பழகல."

பிறகு அவளே, சோறு வேண்டுமானால் வைத்துவிட்டுப் போங்கள், நன்றாகத்தான் இருக்கிறது என்றாள். படியில் வைத்தேன். நான் தெருமுனை திரும்புகிறவரை அவள் குனிந்து எடுக்கவில்லை. குனிந்தால் வயிறு வலிக்கும் என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. கையில் கொடுத்திருக்க வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

படியில் வைக்கவில்லை. கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

ஜூலை 14, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பன்னிரண்டு மணிக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. கூப்பிட்டேன். சமையல்கார அம்மாள் பேத்திக்குக் காய்ச்சல் என்று பதினொரு மணிக்கே போய்விட்டாளாம். குளியலறையிலிருந்து இந்திராணியின் குரல்: யாரும் வர வேண்டாம், வாளியை வைத்துவிட்டுப் போங்கள். ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். ரொம்ப நேரம் கழித்து, "எந்திரிக்க முடியல" என்றாள்.

உள்ளே போனேன்.

பிளாஸ்டிக் முக்காலியில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பை கழன்று தரையில் கிடந்தது. நைட்டி நனைந்திருந்தது. நான் அந்தத் துளையை இதுவரை பார்த்ததில்லை. சிவப்பாக, ஈரமாக, வயிற்றிலிருந்து வெளியே மலர்ந்திருக்கிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து வந்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது.

அவள் தன் வயிற்றைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நர்ஸ் பெண்ணைப்போல் முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. அது மூன்று வாரத்தில் வருகிற வித்தை இல்லை. சமையலறைத் தொட்டிக்கு ஓடி வாந்தி எடுத்தேன். காலையில் குடித்த காபி முழுக்க வந்தது. இரண்டாவது முறையும் வந்தது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றேன். வாசல் கதவு திறந்திருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது.

திரும்பக் குளியலறைக்குப் போனேன்.

சுவரைப் பார்த்துக் கண்ணை மூடியிருந்தாள். காலடி கேட்டதும் திறந்தாள். என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். வெந்நீர், பஞ்சு, அலமாரியில் மேல்தட்டில் புதுப் பை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். வெந்நீரில் பஞ்சை நனைத்து, சுற்றிலும் மெதுவாகத் துடைக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். தோல் நன்றாக உலர்ந்த பிறகுதான் பை ஒட்டும். ஒட்டியபின் உள்ளங்கையை அதன்மேல் ஒரு நிமிடம் வைத்திருக்க வேண்டும், கைச்சூட்டில்தான் பசை பிடிக்குமாம். வைத்திருந்தேன். அவள் மூச்சு விடுவது கையில் தெரிந்தது. நடுவில் இரண்டு தடவை குமட்டியது. வாயைத் திருப்பிக்கொண்டு அடக்கினேன்.

தரையைக் கழுவினேன். நைட்டியை அலசினேன். அவளைத் தூக்கி நிறுத்தி வேறு உடுத்தி, கூடத்து நாற்காலிக்குக் கொண்டுவந்தபோது ஒன்றரை மணி. நாற்பத்தொரு கிலோ என்றால் எவ்வளவு என்று போனில் கேட்டபோது புரியவில்லை.

"நாறுதா?" என்று கேட்டாள்.

யோசித்தேன். "நாறுது" என்றேன்.

"சுகன்யா இல்லம்மா இல்லம்மாங்கிறா. எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். வாய் ஓரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது.

அருவருப்பு போய்விட்டது என்று எழுதினால் பொய் எழுதியவனாவேன். போகவில்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டு வர முடியாததால் சுகன்யா வரும்வரை அங்கேயே இருந்தேன். அதற்கு இந்திராணி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

வாளியைத் திறந்து கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிட்டாள். ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் நடுவில் நிறுத்தி நிறுத்தி, முக்கால் கிண்ணம். நான் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டு முடிக்கிறவரை எழுந்திருக்கவில்லை.